நான்கு படுக்கை வாக்குறுதி

ஆவுடைநாயகம் அண்ணாச்சி மீது முதல் புகார் வந்தபோது, அவர் தன் வாழ்நாளில் எந்தப் பதவியும் வகித்திருக்கவில்லை. வேட்புமனு ஏற்கப்பட்டிருந்தது. காலிஃபிளவர் சின்னம் கிடைத்திருந்தது. எங்கள் கரிசல் பூமியில் பாதிப் பேர் அதைச் சாப்பிட்டதே கிடையாது என்பதால், துண்டறிக்கையில் படத்துக்குக் கீழே அதன் பெயரையும் அச்சடிக்க வேண்டியிருந்தது. அவருடைய அரசியல் வாழ்வு மொத்தமும் அவ்வளவுதான்.

அன்று காலை பந்தல்கடை சண்முகக்கனி எங்கள் தேர்தல் அலுவலகத்துக்குள் வந்தார். கல்யாணமானாலும் சாவானாலும் வெள்ளோடையில் பந்தலும் நாற்காலியும் மைக்செட்டும் அவர் கடையிலிருந்துதான் போகும். உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"அஞ்சு வருஷம் எம்.எல்.ஏ.வா இருந்தீரே, என் துட்டிக்கு ஒரு எட்டு வந்தீரா வே?" என்றார்.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கனி, நீரு உசுரோடதான நிக்கீரு."

"இப்ப நிக்கேன். அதையா கேட்டேன்? ரெண்டாவது வருஷம் ஆடி மாசம் நான் செத்தேம்லா. என் கடைப் பந்தலு, என் கடை நாற்காலி, என் கடை மைக்செட்டு. ஊரே வந்து உக்காந்திருக்கு. முன்வரிசையில ஒரு நாற்காலிய உமக்குன்னு காலியாப் போட்டு வச்சிருந்தானுவ எம் பயலுவ. சாயங்காலம் எடுக்குற வரைக்கும் அது காலியாவே கெடந்திச்சு."

"செத்தவருக்கு அது எப்படித் தெரிஞ்சுது?" என்று நான் கேட்டேன்.

"எம் பொண்டாட்டி பாத்தால்லா. அவ முழு அஞ்சு வருஷத்தையும் இருந்து பாத்துட்டு வந்திருக்கா. வந்ததுலேருந்து என்னையப் பாக்கும்போதெல்லாம் மூக்கைச் சிந்துதா. சோறு வைக்கும்போதும் சிந்துதா. எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு, எங்களிடம் ஏற்கெனவே வாடகைக்கு விட்டிருந்த நாற்காலிகளை ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இது விளங்க வேண்டுமானால் முறைப்படி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

என் பெயர் ஜெபசீலி. தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு சிறுநீரகங்களும் பழுதான பிறகு வேலையை விட்டேன். வாரத்தில் இரண்டு நாள் மாவட்டத் தலைநகர மருத்துவமனைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். முதல் பஸ்ஸில் போனால்தான் அன்றைய வரிசையில் இடம் கிடைக்கும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இரண்டு முறை தவறினால் படுக்க முடியாது, மூச்சு முட்டும். அதற்கு மேலும் தவறவிட்ட சிலரை எனக்குத் தெரியும். அவர்களை இப்போது வரிசையில் பார்க்க முடிவதில்லை.

ஆவுடைநாயகம் அண்ணாச்சி வெள்ளோடை பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எப்போது வரும் என்று சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஆனால் எது எப்போது வராது என்பதைத்தான் அவர் துல்லியமாகச் சொல்லுவார். முதல் பஸ் வராத நாட்களில் லாரியையோ, பால் வண்டியையோ கை காட்டி நிறுத்தி என்னை ஏற்றிவிடுவார். ஒரு நாள் சோடாப் பாட்டில் வண்டியில் ஏற்றிவிட்டார். அன்று திரும்பி வந்தபோது என்னைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்த மெசினை நம்மூரு ஆஸ்பத்திரியிலயே வச்சா என்ன கொள்ளை?" என்றார். வைக்கச் சொல்லி மனுக்கள் எழுதினோம். பதில்களும் வந்தன. கடைசியில் அவர் தேர்தலில் நிற்பது என்று முடிவானது. பெரிய கட்சிகள் இரண்டும் அவரை உள்ளேகூட விடவில்லை. மூன்றாவதாக ஒரு கட்சி, சிறுகுடி மக்கள் கட்சி என்று பெயர், கேட்டவுடன் சீட்டுக் கொடுத்தது. எங்களுக்கு முன்னால் யாரும் கேட்கவில்லையாம்.

நான் தலைமை முகவர். தேர்தல் அறிக்கையைத் தட்டச்சு செய்தவளும் நான்தான். ஒன்றாம் வாக்குறுதி இது: வெள்ளோடை வட்ட மருத்துவமனையின் பின்பக்கம் பூட்டிக் கிடக்கும் பழைய காசநோய் வார்டில், நான்கு படுக்கை கொண்ட டயாலிசிஸ் மையம். தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வரும், கோப்பு எந்தெந்த மேசையைத் தாண்டவேண்டும், எந்த மாதம் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. அடுத்து பஸ் நிலையக் கழிப்பறைக்குத் தண்ணீர், சுடுகாட்டுக்குத் தார் ரோடு, கல்யாண வீடுகளில் இரவு பத்து மணிக்கு மேல் மைக்செட் கூடாது என்று இப்படிப் போகும். அண்ணாச்சி அதை பஸ் கால அட்டவணை போலவே எழுதியிருந்தார். அவருக்கு வேறு விதமாக எழுதத் தெரியாது.

இனி முன்வாழ்வு இயந்திரம். வாக்குறுதிகளை யாரும் நம்பாமல் போய்விட்டதால் முன்வாழ்வுச் சட்டம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு வேட்பாளரின் அறிக்கையையும் இயந்திரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அவர் ஜெயித்தால் தொகுதியின் ஐந்து வருடம் எப்படி இருக்கும் என்று அது கணக்குப் போட்டு ஒரு வாழ்க்கையை உண்டாக்கும். வாக்காளர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் கவசத்தை மாட்டிக்கொண்டால், உலையில் அரிசி வேகிற நேரத்தில் அந்த ஐந்து வருடத்தையும் வாழ்ந்துவிட்டு வரலாம். ஊர் முழுவதுக்கும் ஒரே வாழ்க்கைதான். நீங்கள் உள்ளே யாரோடு சண்டை போட்டீர்களோ, அவருக்கும் அது ஞாபகம் இருக்கும். எழுந்து வந்ததும் டீயும் பிஸ்கட்டும் தருவார்கள். வேட்பாளர்கள் மட்டும் எதிராளியின் முன்வாழ்வில் உட்காரக்கூடாது. முகவருக்குத் தடையில்லை.

நான் மூன்றிலும் உட்கார்ந்தேன்.

ஒரு பெரிய கட்சியின் அறிக்கையில் 'மக்களின் கண்ணீரைத் துடைப்போம்' என்பதைத் தவிர வேறு எதுவும் திட்டவட்டமாக இல்லை. ஆகவே ஐந்து வருடமும் வெள்ளைச் சட்டை போட்ட ஆட்கள் கைக்குட்டையோடு வீடு வீடாக வந்தார்கள். அழாதவர்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். இன்னொரு கட்சி, வழக்கறிஞர் மருதப்பனுடையது, 'தொகுதியைத் தலைநிமிரச் செய்வோம்' என்றிருந்தது. அதில் பொன்னிறமாக ஒரு காலைப்பொழுது. பேண்டு வாத்தியம் வாசித்தது. நாங்கள் எல்லோரும் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றோம். மறுநாளும் அதே காலை, அதே பேண்டு. வெளியே வந்தபோது பிடரி வலித்தது. ஆனாலும் பார்த்தவர்கள் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

அண்ணாச்சியுடையது அப்படியில்லை. முதல் வருடம் நான் பஸ்ஸில்தான் போனேன். இரண்டாவது வருடம் காசநோய் வார்டுக்கு வெள்ளையடித்தார்கள். அதன் பிறகு ஒயர்கூடையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு நடந்தே போனேன். ஜன்னலோரப் படுக்கை. முடிந்ததும் வீட்டுக்கு வந்து மத்தியானச் சமையல் நானே செய்தேன். ஊரில் மற்றவர்களுக்கும் எல்லாம் நடந்தது. பிள்ளை பிறந்தது, பங்காளிச் சண்டை வந்தது, சிலர் செத்தார்கள். கவசத்தைக் கழற்றிவிட்டு டீயைக் குடித்துவிட்டு, வெளியே வந்து பழக்கத்தில் மருத்துவமனைத் தெருவில் திரும்பிவிட்டேன். பாதி வழியில் நினைவு வந்து, பஸ் நிலையத்துக்குப் போனேன்.

சண்முகக்கனிக்குப் பிறகு புகார்கள் வரிசை கட்டின. சடங்கு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். காதுகுத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஒரு மாப்பிள்ளை தன் பெண்டாட்டியோடு வந்து, "பத்திரிகையில உங்க பேரைத்தான சார் பெருசாப் போட்டோம்" என்று கண் கலங்கினார். அவர்களுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. உள்ளேதான் ஆகியிருந்தது. தாலி கட்டாமல் ஒன்றாக வந்திருக்கிறார்களே என்று பெண்ணின் தகப்பன் பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தார். அவரும் கடைசியில், "இருந்தாலும் நீங்க வந்திருக்கணும்" என்றார்.

சுவரெங்கும் மருதப்பன் ஆட்கள் எழுதினார்கள்: ஐந்து வருடம் பட்டது போதும், மாற்றம் வேண்டும்.

அண்ணாச்சி அதன் முன்னால் நின்று இரண்டு முறை வாசித்தார். "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, ஜெபசீலி."

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் முன்வாழ்வு அலுவலர் செண்பகவல்லியைப் பார்த்தோம். அவருக்கு முப்பது வயதிருக்கும். இயந்திரத்தின் மேல் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார். அது மேலதிகாரிகளுக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"சார், மெசின் உங்க அறிக்கையில என்ன இருக்கோ அதைத்தான் செய்யும். விசேஷ வீட்டுக்குப் போவேன்னு நீங்க எங்கயும் எழுதலை. அதனால அஞ்சு வருஷத்துல ஒரு வீட்டுக்கும் போகலை."

"அதை யாரும்மா எழுதுவா? அதெல்லாம் எழுதாமலே உண்டுதான?"

"நமக்கு உண்டு. மெசினுக்கு இல்லை."

"சரி. மத்த ரெண்டு பேரும் அதை எழுதலையே. அவங்க மேல யாருக்கும் கோவம் இல்லையே."

செண்பகவல்லி சற்றுத் தயங்கினார். "அவங்க அறிக்கையில மாசம், தேதின்னு ஒரு எண்ணே இல்லை சார். எண் இல்லேன்னா மெசினால காலத்தை ஓட்ட முடியாது. ஒரே நாளைத் திருப்பித் திருப்பிப் போடும். அந்த நாள்ல யாருக்கும் கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை. உங்களுது ஒண்ணுலதான் அஞ்சு வருஷமும் நிஜமாவே ஓடிச்சு. அதனால இந்தத் தொகுதியில செத்தவங்க எல்லாரும் உங்க ஆட்சியிலதான் செத்திருக்காங்க."

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். அது இயந்திர நாற்காலி. செண்பகவல்லி அவசரமாக வேறொன்றை இழுத்துப் போட்டார்.

"இதெல்லாம் ரெண்டு வாரத்துல மறந்துடும் சார். கனவு மாதிரிதான்னு டாக்டருங்க சொல்லியிருக்காங்க."

"ஓட்டு அடுத்த வாரமே இருக்கே."

"ஒரு திருத்தம் அனுமதிப்பாங்க. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. வேணும்னா முதல்ல திரையில ஓட்டிப் பாத்துடலாம்."

'தொகுதியின் எல்லா நல்லது கெட்டதுகளிலும் நேரில் கலந்துகொள்வேன்' என்று ஒரு வரியை அவர் சொல்ல, நான் எழுதிக் கொடுத்தேன். இயந்திரம் கொஞ்ச நேரம் முனகியது. திரையில் அண்ணாச்சி தெரிந்தார்.

மாலையோடு ஒரு மேடையில் நின்றார். அடுத்து காரில் இருந்தார். அடுத்து இலையின் முன்னால். அலறுகிற குழந்தையைப் பிடித்துக்கொண்டு காது குத்துகிற ஆசாரி அருகில். துட்டி வீட்டில் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு. மறுபடி கார். ஒரு முகூர்த்த நாளில் தொகுதியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்க்கொண்டே இருந்தார். தூக்கம் காரில்தான். மூன்றாவது வருடம் அவருக்கு இடுப்பு பெருத்து வேட்டி எட்டவில்லை. மக்கள் அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

"வார்டைக் காட்டுங்க" என்றேன்.

வார்டு பூட்டியே கிடந்தது. வாசலில் ஆடு படுத்திருந்தது.

"ஏன் திறக்கலை?"

"முதல் தடவை எப்படித் திறந்துதுன்னா, சார் சென்னைக்குப் போய் அந்த ஆபீஸ் வராண்டாவிலயே மாசக்கணக்கா உக்காந்திருந்தார். ஃபைல் ஒவ்வொரு மேசைக்கும் நகரும்போது கூடவே நகர்ந்தார். இப்ப உக்கார நேரம் இல்லை. எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு நாளைக்கு இருபத்து நாலு மணி நேரம்தானே."

திரையில் என்னைத் தேடினேன். பஸ் நிலையத்தில் கொஞ்ச காலம் தெரிந்தேன். பிறகு தெரியவில்லை. அதற்கப்புறம் ஒரு துட்டி வீட்டில் அண்ணாச்சி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் கம்பியில் என் ஒயர்கூடை தொங்கியது.

செண்பகவல்லி திரையை நிறுத்தினார். கீழே ஓரத்தில் வாக்கு மதிப்பீடு ஓடிக்கொண்டிருந்தது. திருத்தத்தோடு அண்ணாச்சி பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

"முதல்ல இதைச் சொல்லி ஜெயிச்சுட்டு, அப்புறம் விசேஷத்தைக் கொறச்சுக்கிட்டா?" அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்.

"எல்லாரும் அதைத்தான் சார் கேக்கறாங்க. அதையும் மெசின் கணக்குல எடுத்துக்குது. நீங்க கொறச்சுக்க மாட்டீங்களாம். கூப்பிட்டா உங்களுக்கு மறுக்கத் தெரியாதாம்."

அது உண்மைதான் என்பது போல அவர் தலையைக் குனிந்துகொண்டார். திருத்தத்தில் வேட்பாளர் கையெழுத்தோடு தலைமை முகவர் கையெழுத்தும் வேண்டும். தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ என்ன சொல்லுத?"

ஊருக்கு நல்லது, கொள்கை, நேர்மை என்று பேசியிருக்கலாம். அவர் அதையெல்லாம் ஒப்புக்கொண்டிருப்பார். எனக்கு அப்படிப் பேச வரவில்லை.

"எனக்கு ஒண்ணாம் நம்பர் வேணும், அண்ணாச்சி. ஊருக்காவச் சொல்லலை. எனக்கு வேணும்."

"சரி" என்றார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. மடித்து செண்பகவல்லியிடமே கொடுத்து, "பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு, எதுக்காவது ஆவும்" என்றார்.

அதன் பிறகு அவர் செய்ததை இந்தத் தொகுதியில் எந்த வேட்பாளரும் செய்திருக்க முடியாது. வீடு வீடாகப் போய், "நான் ஜெயிச்சா உங்க வீட்டு விசேஷத்துக்கு வர மாட்டேன், மன்னிச்சுக்கணும்" என்று கைகூப்பினார்.

"வர மாட்டேன்னு சொல்லுததுக்கு வீடு தேடி வந்திருக்கீரே, அப்ப வரவும் செய்யலாம்லா?" என்றார் சண்முகக்கனி.

"இப்ப நான் எம்.எல்.ஏ. இல்லை கனி. சும்மா இருக்கேன்."

"சும்மாவே இரும்."

அப்படியே ஆயிற்று. மருதப்பன் ஜெயித்தார். அண்ணாச்சிக்குக் கட்டுத்தொகை போயிற்று. வாக்கு எண்ணிக்கை முடிந்து வெளியே வரும்போது அவர் என்னிடம் கேட்டது, நாளைக்கு எனக்கு முதல் பஸ்ஸா என்பதுதான். ஆமாம் என்றேன். நான் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் மாலையோடு வந்திருப்பார். வீடு வரைக்கும் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடைக்காத ஒரு காரியத்தை நான் செய்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

டாக்டர்கள் சொன்னது பாதிதான் சரியாக இருந்தது. பொன்னிறக் காலையும் கைக்குட்டைகளும் இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் மறந்துபோயின. ஞாபகம் வைத்துக்கொள்ள அவற்றில் ஒன்றும் இல்லை. அண்ணாச்சியின் ஐந்து வருடம் மறக்கவில்லை. நடந்து நடந்து பழகிய வழி, பேசிப் பேசிப் பழகிய பேச்சு எல்லாம் அப்படியே உடம்பில் தங்கிவிட்டன. பஸ் நிலையக் கழிப்பறைக் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் வருமென்று நிற்பவர்களைத் தினமும் பார்க்கலாம். சுடுகாட்டு ரோட்டில் வேகமாகப் போய் முட்டியைப் பெயர்த்துக்கொண்டவர்கள் உண்டு. நினைவு வந்ததும் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார்கள். நாள் ஆக ஆக, அந்த நினைவு வருவதும் குறைந்துகொண்டே வந்தது.

வெற்றி மாநாட்டுக்கு ஆள் ஏற்றுவதற்காக முதல் பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். ஒரு முறை தவறியது. அடுத்த முறை மழையில் ஓடைப்பாலம் மூழ்கியது. அண்ணாச்சி ரோட்டில் நின்று கை காட்டினார், நிறுத்த வண்டியே வரவில்லை. இரண்டும் தவறியபின் என்னால் படுக்க முடியவில்லை. விடிந்ததும் பக்கத்து வீட்டு ராசம்மாளும் அண்ணாச்சியும் என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள். ராசம்மாள் மட்டும் கூட ஏறிக்கொண்டாள். ஓட்டியவன் இசக்கி. என்னைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை விரட்டினான்.

மாவட்டத் தலைநகருக்குப் போக இடதுபக்கம் திரும்ப வேண்டும். அவன் வலதுபக்கம் திரும்பினான். மருத்துவமனையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கம் காசநோய் வார்டு வாசலில் நிறுத்தினான். ஆடு எழுந்து நகர்ந்தது. கதவில் பூட்டு துருப்பிடித்துத் தொங்கியது.

இசக்கி இறங்கி அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தான்.

"என்னக்கா, பூட்டிக் கெடக்கு?"

எனக்குப் பேச மூச்சில்லை.

"மழைன்னு லீவு விட்டுட்டானுவளா? எத்தனை தடவை இங்க கொண்டாந்து விட்டிருக்கேன், ஒரு நாளும் பூட்டினதில்லையே." அவன் சத்தத்துக்கு நாலு பேர் கூடினார்கள். "ஏய், டயாலிசிஸை யாருலே மூடுனது?"

"மூடிட்டானுவளா?" என்றது ஒரு குரல்.

"எப்ப மூடுனான்?"

"போன ஆட்சியில நல்லாத்தான ஓடிச்சு."

ஆம்புலன்ஸ் எப்படியோ சுற்றுவழியில் வந்து என்னை எடுத்துக்கொண்டது. கதவு மூடும்போது கடைசியாக நான் பார்த்தது, சண்முகக்கனி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவதைத்தான். கடைப் பையன்கள் நாற்காலிகளைக் கொண்டுவந்து நடுரோட்டில் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் பிழைத்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோது மறியல் நடந்துகொண்டிருந்தது. 'மூடிய மையத்தை உடனே திற' என்று தட்டி வைத்திருந்தார்கள். கொடுக்காததைக் கேட்டு எங்கள் ஊரில் யாரும் ரோட்டில் உட்கார்ந்ததில்லை. அண்ணாச்சியும் நானும் எழுதிய மனுக்களுக்கு ஒருவரும் கையெழுத்துப் போட்டதில்லை. கொடுத்ததைப் பறித்தார்கள் என்றதும் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த மையத்தில் தனக்குப் பிரசவம் ஆனதாகக்கூட ஒரு பெண் பேட்டி கொடுத்தாள்.

அதிகாரிகள் கோப்பைத் தேடினார்கள். திறந்ததற்கும் கோப்பில்லை, மூடியதற்கும் கோப்பில்லை. அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று எழுத யாருக்கும் தைரியம் வரவில்லை. நாளைக்குக் கோப்பு கிடைத்துவிட்டால் என்ன செய்வது? மூடியது குறித்த ஆவணங்கள் பரிசீலனையில் உள்ளன என்று அறிக்கை வந்தது. அதைப் படித்துவிட்டு மூடியது உறுதியாயிற்று என்று கூட்டம் இரண்டு மடங்கானது.

அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தாள்.

"பத்திரிகைக்கு எழுதியிருக்கேன். பாரு."

பார்த்தேன். வெள்ளோடையில் டயாலிசிஸ் மையம் எக்காலத்திலும் இயங்கியதில்லை, அது தன்னுடைய நிறைவேறாத வாக்குறுதி மட்டுமே, ஆகவே தற்போதைய உறுப்பினரைக் குறை சொல்வது நியாயமல்ல என்று தெளிவாக எழுதியிருந்தார். பிழையே இல்லை.

"அந்த மருதப்பன் பாவம். செய்யாத குத்தத்துக்குப் பேச்சு வாங்குதான். எனக்குத் தெரியாதா அது எப்படி இருக்கும்னு?"

"அண்ணாச்சி."

"உண்மையை ஒருத்தராவது சொல்லணும்லா."

"அண்ணாச்சி, சும்மா இருங்க."

அவர் என் கால்களைப் பார்த்தார். வீக்கம் இன்னும் முழுதாக வடிந்திருக்கவில்லை. தாளை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார். தன் வாழ்நாளில் வராத பஸ்ஸை வரும் என்று ஒரு பயணியிடமும் சொல்லாதவர் அவர். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து போனார். அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

மழை முடிந்து பொங்கலுக்கு முன்பே வெள்ளையடித்தார்கள். சென்னையில் கோப்பு எந்த மேசையிலும் நிற்காமல் ஓடிற்றாம். புதிதாகத் தொடங்குவதற்குத்தான் எல்லார் ஒப்புதலும் வேண்டும், நின்றுபோனதைத் தொடர ஒரு கையெழுத்துப் போதும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கல்வெட்டில் 'மீண்டும் திறந்து வைத்தவர்' என்று மருதப்பன் பெயரைப் பொறித்திருந்தார்கள்.

முதல் நோயாளி நான். ஜன்னலோரப் படுக்கையில் படுத்திருந்தேன். குழாயில் என் ரத்தம் வெளியே போய், இயந்திரத்தைச் சுற்றி, மறுபடி எனக்குள் வந்துகொண்டிருந்தது. படம் எடுப்பவர்கள் போன பிறகு மருதப்பன் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். களைத்துப்போயிருந்தார்.

"அம்மா, நீங்கதான் அவரோட முகவரா இருந்தவங்க. பொய் சொல்ல மாட்டீங்கன்னு சொன்னாங்க." குரலைத் தாழ்த்தினார். "என்னைய அந்த நாற்காலியில உக்கார விடலை. நான் கேக்காத ஆள் இல்லை, ஒவ்வொருத்தனும் ஒண்ணு சொல்லுதான். நெசமாவே இது முன்னாடி இங்க இருந்துச்சா?"

வார்டில் நான்கு படுக்கைகள் இருந்தன. மற்ற மூன்றிலும் ஆட்கள் படுத்திருந்தார்கள். வாசலில் இன்னும் நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பாதத்தை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அமுக்கிய இடம் குழியாகவே நின்றது.

"இருந்துச்சு சார்" என்றேன். "எட்டுப் படுக்கை இருந்துச்சு."

அவர் வார்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு உதவியாளரைக் கூப்பிட்டார்.